கம்பெனியில் விடுவதா, வெளியில் விடுவதா? காரைக்குடிப் பக்கத்துக் கார்க்காரர்கள் கேட்கும் கேள்விகள்

கோட்டையூரில் எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. ஆட்கள் சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். கார் மட்டும் இங்கே நிற்கிறது. அதில் மூன்று வண்டிகளின் சாவி என் வீட்டு ஆணியில் தொங்குகிறது. சொந்த வண்டியோடு நான்கு. பன்னிரண்டு வருடமாக இவற்றைக் கார் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸுக்கும் வெளி ஒர்க்‌ஷாப்புக்கும் மாறி மாறி ஓட்டிப் போயிருக்கிறேன். நான் மெக்கானிக் இல்லை, பில் கட்டுகிறவன். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் யாராவது ஒருவர் இதைத்தான் கேட்கிறார்கள் என்பதால், கேட்ட கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

புது வண்டி வாங்கியிருக்கிறோம். எங்கே விடுவது?

கம்பெனியில். வாரண்டி முடியும்வரை இதில் யோசிக்க ஒன்றுமில்லை. மாருதி 2024 ஜூலையில் தன் வாரண்டியை 2 வருடம் அல்லது 40,000 கிலோமீட்டர் என்பதிலிருந்து 3 வருடம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டராக உயர்த்தியது. அந்த மூன்று வருடத்தில் கியர்பாக்ஸோ ஸ்டீயரிங்கோ மக்கர் செய்தால் செலவு அவர்களுடையது. அதை விட்டுவிட்டு ஆயில் மாற்றுவதில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப் போவது கணக்குக்கு ஒத்துவராது.

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். 'ஃப்ரீ சர்வீஸ்' என்றால் லேபர்தான் ஃப்ரீ. ஆயில், ஃபில்டர் போட்டால் அதற்குப் பணம் கட்டத்தான் வேண்டும். எங்கள் அம்மான் ஒருவர் கவுண்டரில் இதற்காக அரை மணி நேரம் சண்டை போட்டார்.

வாரண்டி இருக்கும்போது ஒரு தடவை வெளியில் விட்டாலே வாரண்டி போய்விடுமா?

"போயே போய்விடும்" என்றுதான் கம்பெனி சர்வீஸ் அட்வைசர்கள் சொல்வார்கள். சட்டம் அவ்வளவு ஒருதலையாக இல்லை. உதிரிபாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடுக்காமல் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள் என்பதற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. வெளியில் வேலை பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யக் கூடாது, வெளியே பார்த்த தப்பான வேலையால் எந்தச் சேதம் வந்ததோ அந்த அளவுக்கு மட்டும் மறுக்கலாம் என்றும் அதே உத்தரவில் சொன்னது. விவகாரம் மேல்முறையீட்டுக்குப் போனது.

சரி, உத்தரவு இருக்கிறது. ஆனால் இன்ஜினில் சத்தம் வந்து நீங்கள் கவுண்டரில் நிற்கும்போது அந்த உத்தரவைப் பிடித்துக்கொண்டு வாதாடப் போவது யார்? பஞ்சர், டயர், வைப்பர், பல்பு, வாட்டர் வாஷ் எல்லாம் தாராளமாக வெளியில் பாருங்கள், யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. இன்ஜின் ஆயிலையும் எலக்ட்ரிக்கல் ஒயரையும் மட்டும் வாரண்டிக்குள் வெளிக்கை தொட விடாதீர்கள். வெளியில் வாங்கிய ஹாரனுக்காகவும் ஃபாக் லைட்டுக்காகவும் ஒயரை வெட்டிச் சொருகி, அப்புறம் மின்சாரக் கோளாறு என்று போய் நின்றால் மறுப்பார்கள். அதில் அவர்கள் பக்கம் நியாயம் உண்டு.

வண்டி வருஷத்துக்கு 2,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. அதற்கு எதற்கு சர்வீஸ்?

செட்டிநாட்டுக்கே உரிய கேள்வி இது. பொங்கலுக்கும் ஒரு கல்யாணத்துக்கும் முன்னோர்க்கான ஒரு படைப்புக்கும் வருவார்கள். பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, திருப்பத்தூர் என்று நாலு நாள் ஓட்டிவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அடுத்த தடவை வந்து மீட்டரைப் பார்த்து, "இன்னும் 10,000 ஆகவில்லையே" என்பார்கள்.

சர்வீஸ் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். பல பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது 1 வருடம், இதில் எது முன்னால் வருகிறதோ அது என்றுதான் போட்டிருக்கும். நம் வண்டிகளுக்கு எப்போதும் தேதிதான் முன்னால் வரும். வாரண்டிக்குள் இருக்கும் வண்டியில் தேதி தவறினால் அது உங்கள் தவறு என்று கணக்காகும். எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன் சிங்கப்பூரிலிருந்து பதினெட்டு மாதம் வரவில்லை. வண்டி ஓடியதே மொத்தம் 900 கிலோமீட்டர். வந்து பார்த்தால் ஸ்டீயரிங்கில் பிரச்சினை. இரண்டு சர்வீஸ் தவறியிருக்கிறது என்று கம்பெனியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். கெஞ்சிக் கூத்தாடித்தான் வேலை நடந்தது.

வாரண்டி முடிந்த வண்டியானாலும் நிற்கும் காருக்கென்று தனி வியாதிகள் உண்டு. ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைத்தால் ஆயில் சூடேறாது, உள்ளே சேர்ந்த ஈரம் அப்படியே ஆயிலில் கலந்து நிற்கும். 'தினமும் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேன்' என்று வாட்ச்மேன் சொன்னால், வேண்டாம் என்று சொல்லுங்கள். அதைவிட இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை தேவகோட்டை வரைக்கும் போய்விட்டு வருவது உத்தமம். மாதக்கணக்கில் நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போடாமல், கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். இழுத்த ஹேண்ட்பிரேக் அப்படியே பிடித்துக்கொள்ளும். டயரில் காற்றை எழுதியிருப்பதைவிடக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். டயருக்கும் வயது உண்டு: பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றிருந்தால் 2019இன் 23ஆம் வாரம். பட்டன் தேயாமல் புதுசு போலத் தெரிந்தாலும் அந்த டயரை நம்பிச் சென்னைக்குக் கிளம்பக் கூடாது.

பேட்டரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய சிக்ரி ஆய்வகம் இருக்கும் ஊர் நம்முடையது. பேட்டரியைப் பற்றி ஊன்றி ஆராய்கிற இடம். அதன் மதிலுக்கு வெளியே மூன்று கிலோமீட்டர் சுற்றளவில் கார் கொட்டகைகளில் செத்துக் கிடக்கும் பேட்டரிகளை எண்ணினால் சிரிப்பு வரும். ஈய அமில பேட்டரியைச் சார்ஜ் இறங்கிய நிலையில் விட்டுவைத்தால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அப்புறம் சார்ஜ் நிற்காது. ஊருக்குப் போகும்போது நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுப் போனாலே போதும். கடிகாரத்தையும் ஜன்னல் செட்டிங்கையும் திரும்ப வைக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

எலி. இரண்டாங்கட்டு முழுக்கப் பழைய சாமானும் நெல் குதிரும் இருக்கிற வீட்டில் எலி இல்லாமல் இருக்காது. பானட்டைத் திறந்து வைப்பது, கம்பி வலை அடிப்பது, புகையிலையைக் கட்டிவிடுவது என்று ஆளுக்கு ஒரு வைத்தியம். எனக்குக் கம்பி வலை மட்டும்தான் உதவியது.

இந்த வேலைகள் எதற்கும் கம்பெனி வேண்டாம். பக்கத்தில் இருக்கிற, கூப்பிட்டால் சைக்கிளிலாவது வந்து பார்க்கிற மெக்கானிக் ஒருவர் வேண்டும்.

கம்பெனி பில் ஏன் இவ்வளவு வருகிறது?

பில்லை மூன்றாகப் பிரித்துப் படியுங்கள்: ஸ்பேர், லேபர், 'கூடுதல் சேவை'. ஸ்பேரில் பெரிதாக ஏமாற்ற முடியாது, பாக்கெட்டில் விலை அச்சிட்டிருக்கும். லேபர் அவர்கள் வைத்திருக்கும் அட்டவணைப்படி வரும். குளிர்சாதன வரவேற்பறைக்கும் காபிக்கும் மேலாளர் சம்பளத்துக்கும் அதில்தான் பங்கு. லேபருக்கு மேல் ஜிஎஸ்டி தனி, ஸ்பேரில் அச்சிட்ட விலைக்குள்ளேயே அது இருக்கும். வண்டிப் பாகங்களுக்கு முன்பு 28 சதவீதம் இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18. பழைய பில்லையும் புது பில்லையும் ஒப்பிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பை கனப்பது மூன்றாவது பிரிவில்தான். இன்ஜின் ஃப்ளஷ், த்ராட்டில் பாடி கிளீனிங், ஏசி கிருமிநாசினி, அடிப்பாகக் கோட்டிங், உள்ளறை பாலிஷ், எலி விரட்டும் ஸ்ப்ரே. சர்வீஸ் அட்வைசருக்கு மாதாமாதம் டார்கெட் இருக்கிறது. பாவம், அவர் கையில் எண்ணெய் படுவதில்லை, டேப்லெட்டில் டிக் அடிக்கிறார். 8,000 கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு இன்ஜெக்டர் கிளீனிங் தேவையில்லை. "சர்வீஸ் புத்தகத்தில் இந்த கிலோமீட்டருக்கு என்ன போட்டிருக்கிறதோ அது மட்டும்" என்று ஜாப் கார்டில், அதாவது வண்டிக்குச் செய்ய வேண்டிய வேலைகளைக் குறிக்கும் தாளில், எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கூடுதல் வேலை எதுவானாலும் போனில் கேட்டுவிட்டுச் செய்யவும் என்றும் ஒரு வரி. இந்த இரண்டு வரியால் என் பில் பாதியாகக் குறையும் நாட்கள் உண்டு.

ஏர் ஃபில்டர் மட்டும் விதிவிலக்கு. நம் பக்கத்துச் செம்மண் புழுதி, அதிலும் கிராமத்துக் குறுக்குப் பாதைகளில் ஓடும் வண்டி என்றால், அவர்கள் சீக்கிரமே மாற்றச் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கண்ணுக்கே தெரியும்.

வெளியில் விட்டால் நிஜமாகவே மிச்சமா?

ஆயில் சேஞ்ச் போன்ற வழக்கமான சர்வீஸில் மிச்சம் இருக்கும், ஆனால் மலைக்கிற அளவுக்கு இல்லை. பெரிய வித்தியாசம் ரிப்பேரில். கம்பெனியில் மாற்றுவார்கள், வெளியில் சரிசெய்வார்கள்.

ஒரு உதாரணம். என் பொறுப்பில் இருக்கும் ஒரு வண்டியில் ஏசி குளிரவில்லை. கம்பெனி ஒர்க்‌ஷாப் ஒன்றில் கம்ப்ரசர் போய்விட்டது, மாற்ற 28,000 ரூபாய் என்று எஸ்டிமேட் கொடுத்தார்கள். வண்டிக்காரருக்குப் போன் செய்தேன், "அங்கேயே மாற்றிவிடு" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. காரைக்குடியில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனேன். அவர் கம்ப்ரசர் கிளட்ச்சுக்குப் போகும் ஒயரை இழுத்துப் பார்த்தார், எலி கடித்துத் துண்டாகிக் கிடந்தது. ஒட்டி டேப் சுற்றி 600 ரூபாய். கம்பெனிக்காரர்கள் வேண்டுமென்றே ஏமாற்றினார்கள் என்று நான் நினைக்கவில்லை. அங்கே ஒரு ஒயரைத் தேடி ஒரு மணி நேரம் குனிந்து நிற்க யாருக்கும் நேரம் கொடுப்பதில்லை.

ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், பவர் விண்டோ மோட்டார், ஆக்ஸில் ரப்பர் பூட், டிங்கரிங் எல்லாம் இதே கதைதான். அந்த ரப்பர் உறை கிழிந்ததற்கு ஆக்ஸிலையே மாற்றச் சொல்கிறவர்களும் உண்டு, உறையை மட்டும் மாற்றி கிரீஸ் அடைத்துக் கொடுக்கிறவர்களும் உண்டு. கிழிந்தது அன்றே தெரிந்தால் இரண்டாவது ஆள் சொல்வது சரி. மண் உள்ளே போய் மாதமாகிவிட்டிருந்தால் முதல் ஆள் சொல்வது சரி.

அப்படியானால் கம்பெனி இல்லாமல் நடக்கவே நடக்காத வேலை எது?

ஏர்பேக். சாவி தொலைந்தால் புதுச் சாவிக்கு வண்டியோடு ஜோடி சேர்ப்பது. சாஃப்ட்வேர். ஹைப்ரிட், எலக்ட்ரிக் வண்டிகளின் உயர் மின்னழுத்தப் பகுதி. அப்புறம் ரீகால்: தயாரிப்பிலேயே குறை என்று நிறுவனம் வண்டிகளைத் திரும்ப அழைத்தால் அதை இலவசமாகச் செய்துகொடுப்பது அவர்கள் கடமை, வாரண்டி முடிந்திருந்தாலும். 17 இலக்க சேஸிஸ் நம்பரை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு வரும் ரீகால் கடிதமெல்லாம் பூட்டிய வீட்டுத் திண்ணையில்தான் விழுகிறது.

சாஃப்ட்வேரில் நான் சூடுபட்டிருக்கிறேன். என் வண்டியில் இன்ஜின் விளக்கு எரிந்தது. வெளி மெக்கானிக் ஸ்கேனர் போட்டு, அதில் வந்த கோளாறுக் குறியீட்டை அழித்தார். நாலு நாளில் மறுபடி எரிந்தது. சென்சார் மாற்றினார், காயில் மாற்றினார். ஏழாயிரம் போன பிறகு கம்பெனியில் விட்டேன். கன்ட்ரோல் யூனிட்டுக்கு ஒரு அப்டேட் வந்திருக்கிறது என்று ஏற்றிக் கொடுத்தார்கள், அரை மணியில் முடிந்தது. குறியீட்டைப் படிப்பது வேறு, கோளாறைக் கண்டுபிடிப்பது வேறு.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த டீசல் வண்டிகளையும் இந்தப் பட்டியலின் ஓரத்தில் வைப்பேன். புகைக்குழாயில் இருக்கும் வடிகட்டியில் கரி அடைத்தால், வண்டி சூடேறி நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் ஓடினால்தான் அது எரிந்து சுத்தமாகும். வீட்டிலிருந்து கொப்புடையம்மன் கோவிலுக்கும் சந்தைக்கும் மட்டும் ஓடும் டீசல் வண்டியில் அது நடக்காது. விளக்கு எரிந்தும் ஓட்டினால் செலவு பெரிதாகும். இவ்வளவு குறைவாக ஓட்டுகிறவர் டீசல் வாங்கியதே தவறு என்பது வேறு விஷயம்.

வெளியில் போடும் ஸ்பேர் ஒரிஜினல்தான் என்று எப்படித் தெரியும்?

முதலில், 'கம்பெனி ஒரிஜினல்' என்பதில் பெரும்பாலானதைக் கார் கம்பெனி செய்வதில்லை. பிரேக்கை ஒருவர், ஸ்டார்ட்டரை ஒருவர், சங்கிலியை ஒருவர் செய்துகொடுக்கிறார்கள். பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா எல்லாம் 1911இல் மதுரையில் தொடங்கிய டிவிஎஸ் குடும்பத்தின் வழி வந்தவை. வாகனச் சங்கிலிகள் செய்யும் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நம் பள்ளத்தூர்க்காரர்களான முருகப்பா குழுமத்துடையது. இப்படிச் செய்துகொடுக்கிறவர்கள் தங்கள் சொந்தப் பெயரிலும் கடைகளுக்கு அனுப்புகிறார்கள். அதை வாங்கிப் போடுவதில் தப்பே இல்லை. கார் கம்பெனி முத்திரைக்குக் கொடுக்கும் கூடுதல் காசு மிச்சம்.

டூப்ளிகேட்தான் ஆபத்து. பிரேக் பேட், ஆயில் ஃபில்டர், ஆயில் இந்த மூன்றிலும் அதிகம். நான் செய்வது: பெயர் தெரிந்த டிஸ்ட்ரிபியூட்டரிடம் நானே வாங்கி, பில்லோடு மெக்கானிக்கிடம் கொடுப்பேன். அவருக்கு வரும் கமிஷன் போகிறது என்பதால் லேபரில் இருநூறு சேர்த்துக் கொடுத்துவிடுவேன். இல்லாவிட்டால் அடுத்த தடவை முகம் கொடுத்துப் பேச மாட்டார். ஆயில் ஊற்றி முடித்ததும் காலி கேனில் ஆணியால் ஓட்டை போட்டுவிடுங்கள். நல்ல காலி கேன்தான் போலி ஆயிலுக்கு வீடு.

ஆயில் விஷயத்தில் இன்னொன்று. "நம்ம ஊர் வெயிலுக்குத் திக்கான ஆயில்தான் நல்லது" என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வார்கள். அம்பாசடர் காலத்து ஞானம் அது. இப்போதைய பல மாருதி பெட்ரோல் இன்ஜின்களுக்கு 0டபிள்யூ-16 என்ற, தண்ணீர் போன்ற ஆயிலைத்தான் புத்தகம் சொல்கிறது. அவர் அனுபவத்துக்கு மரியாதை கொடுங்கள், ஆனால் புத்தகத்தில் இருப்பதையே ஊற்றச் சொல்லுங்கள்.

நல்ல மெக்கானிக் என்று எதை வைத்துச் சொல்வது?

"இது என்னிடம் முடியாது, கம்பெனிக்குக் கொண்டுபோங்கள்" என்று ஒரு தடவையாவது சொன்னவர். நான் வேறு சோதனை வைத்ததில்லை. பழைய பாகத்தைக் கேட்காமலே எடுத்துக் காட்டுகிறவர் என்றால் இன்னும் நல்லது.

முதல் நாளே கிளட்ச் வேலை கொடுத்துப் பரீட்சை பார்க்காதீர்கள். ஒரு ஆயில் சேஞ்ச், ஒரு பிரேக் கிளீனிங் கொடுத்துப் பாருங்கள். வண்டியைத் திருப்பி எடுக்கும்போது போல்ட்டெல்லாம் இருக்கிறதா, அடித்தகடு மாட்டியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

சில பிராண்டுகளுக்கு மதுரை அல்லது திருச்சிதான் போக வேண்டியிருக்கிறது. அவ்வளவு தூரம் போவது மதிப்பா?

காரைக்குடியிலிருந்து இரண்டுமே கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். போகவர பெட்ரோல், ஒரு நாள் வேலை, மதியச் சாப்பாடு. வாரண்டி இருந்தால் போய்த்தான் ஆக வேண்டும். முடிந்திருந்தால் வருடத்துக்கு ஒரு தடவை முழு செக்கப்புக்கு மட்டும் போய்விட்டு, மற்றதை உள்ளூரில் பாருங்கள். வண்டி வாங்கும் முன்பே இந்தக் கேள்வியைக் கேட்பது நல்லது. ஒர்க்‌ஷாப் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் கலரைப் பார்த்து வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுக்கலாமா?

வண்டியை ஐந்து வருடத்துக்கு மேல் வைத்திருப்பவர், ஆட்டோமேட்டிக் கியர் அல்லது டர்போ இன்ஜின் வண்டி வைத்திருப்பவர் எடுக்கலாம். எடுத்தால் அந்த வருடங்களுக்கும் சர்வீஸ் கம்பெனியில்தான் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெளியில் விட்ட வண்டிக்கு விற்கும்போது விலை குறையுமா?

பில் இல்லாவிட்டால் குறையும். கம்பெனியின் சர்வீஸ் விவரம் அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கும். வெளியில் பார்த்ததற்குச் சாட்சி நீங்கள் வைத்திருக்கும் காகிதம்தான். துண்டுச் சீட்டானாலும் தேதி, கிலோமீட்டர், போட்ட பாகம் மூன்றும் எழுதி வாங்குங்கள். நம் ஊர்க்காரர்களுக்குப் பேரேடு எழுதச் சொல்லித் தரவா வேண்டும்? வண்டிக்கும் ஒரு நோட்டுப் போடுங்கள்.

விபத்தாகிவிட்டால்? கண்மாய்த் தண்ணீரில் நின்றுவிட்டால்?

எந்த ஒர்க்‌ஷாப்பானாலும் வேலையைத் தொடங்கும் முன் இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிவிடுங்கள், சர்வேயர் பார்க்க வேண்டும். அவர்கள் பட்டியலில் உள்ள ஒர்க்‌ஷாப்பில் கேஷ்லெஸ் கிடைக்கும். பட்டியலுக்கு வெளியே என்றால் நீங்கள் கட்டிவிட்டு அப்புறம் வாங்க வேண்டும். பெரிய அடி என்றால் நான் கம்பெனிக்குத்தான் அனுப்புவேன். சின்னக் கீறலுக்கு க்ளெய்ம் போட்டு நோ க்ளெய்ம் போனஸை (க்ளெய்ம் போடாதவருக்கு பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) இழக்காமல் உள்ளூர் டிங்கரிடம் முடித்துவிடுவேன்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீருக்குள் நின்றுவிட்ட வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். ஸ்டார்ட் செய்து கெடுத்ததற்குச் சாதாரண பாலிசி பணம் தராது, இன்ஜின் பாதுகாப்பு என்ற தனிச் சேர்க்கை வேண்டும். கட்டி இழுத்து வரச் சொல்லுங்கள்.

ஐயா காலத்து அம்பாசடர் கொட்டகையில் நிற்கிறது. அதை எங்கே விடுவது?

2014 மே மாதம் உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தியே நின்றுவிட்டது. கம்பெனி என்று போய் நிற்க இடமில்லை. அறுபது வயதைத் தாண்டிய மெக்கானிக் ஒருவரைப் பிடியுங்கள். பிரேக் சிலிண்டர் ரப்பர், பெட்ரோல் டாங்க், ரேடியேட்டர் ஹோஸ் இந்த மூன்றையும் பார்க்காமல் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று அவரே சொல்வார். சொல்லாவிட்டால் வேறு ஆளைத் தேடுங்கள். அவர் வேலை பார்க்கும்போது வீட்டுப் பையன் யாரையாவது பக்கத்தில் நிறுத்தி வையுங்கள், ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கவாவது.